வாசலில் கழற்றிய முள்பட்டை

இக்கீக்கே, 3 ஜூலை 2006

அப்பா,

வந்து சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது தப்புதான். ஆனால் வராந்தாவில் அந்த ஆணியைப் பார்த்தபிறகு உங்கள் முகத்தைப் பார்த்து விடைபெற எனக்கு மனம் வரவில்லை.

கொதிகலன் அறை தின்றுவிட்ட உங்கள் காதுக்குத் தொலைபேசி ஒத்துவராது. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் படிக்கத் தெரியாத உங்களுக்கு எர்மிந்தா அத்தைதான் படித்துக் காட்டுவார். அத்தை, என் கோபம் உங்கள்மேல் இல்லை. அக்கம்பக்கத்துக்காரர் என்று பெயர்தான், அம்மாவை அடக்கம் செய்ய வந்து நான் அங்கிருந்த ஐந்து நாளும் சமைத்துப் போட்டது நீங்கள். ஒரு வார்த்தையும் விடாமல், அவர் காதில் விழும்படி சத்தமாகப் படியுங்கள்.

அப்பா, அந்த முள்பட்டை நான் வாங்கி அனுப்பியது. மணலைத் தவிர எதையும் பார்த்திராத இந்த ஊர்த் துறைமுகக் கடைத்தெருவில், கொரியாவிலிருந்து வந்திறங்கிய ஒரு பெட்டியில் கிடந்தது. பூட்ஸுக்கு அடியில் இழுத்து மாட்டும் ரப்பர், அதில் குட்டிக் குட்டியாக எஃகு முள். கடைக்காரன் சிரித்தான். "அக்கா, இங்க எந்த ஐஸ்ல நடக்கப் போறீங்க? ஐஸ்கிரீம் மேலயா?" என்றான். தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூன் மாதம் குளிர்காலம் வந்தால் தெருவே கண்ணாடி ஆகிவிடும் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

அம்மா அதை மாட்டாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போனதில்லை. செபத்துக்குப் போகிற வீட்டில் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று குதிகால் பக்கம் சிவப்புக் கம்பளிநூல் முடிந்து கொடுத்தது நீங்கள்தான். அப்படியிருக்க, அவள் ஏன் வெறும் பூட்ஸோடு சரிவில் விழுந்து கிடந்தாள்? நூலோடு அந்தப் பட்டை ஏன் நம் வீட்டு ஆணியில் தொங்கியது?

உங்களுடையது அறுந்துவிட்டது என்று மே மாதமே எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் அம்மாவுடையதைப் போட்டுக்கொண்டு எங்காவது போனீர்களா? ஆம் என்றால் ஆம் என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னை அரிக்கிறது.

எல்சிரா


புந்தா அரேனாஸ், 12 ஜூலை 2006

மகளே எல்சிரா,

உன் கடிதத்தை எர்மிந்தா என் வலது காதோரம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை நான் கேட்டு வாங்கியது. உன் குரல் அதில் எங்காவது அகப்படுமா என்று பார்த்தேன். கோபம் மட்டும் அகப்பட்டது. அதுவும் உன்னுடையதுதானே.

நான் எங்கும் போகவில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பட்டையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். எர்மிந்தா பேனாவை நிறுத்திவிட்டு, "மறந்துட்டாங்கன்னே எழுதவா அண்ணே?" என்கிறாள். எழுது என்கிறேன். வயதானவர்கள் மறப்பார்கள். நான் மறப்பதில்லை என்பதால் எல்லாரும் அப்படியே இருக்க முடியுமா?

அவளை நான் முதலில் பார்த்ததே அவள் விழுந்தபோதுதான். ஐம்பத்து மூன்றாம் வருடம், ஆகஸ்ட் மாதம், சிலோவே தீவிலிருந்து வந்த கப்பல். துறைமுகப் பாலத்தில் உறைபனி. பழுப்புப் பாவாடை, கையில் உருளைக்கிழங்குச் சாக்கு. இரண்டு அடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். கிழங்கெல்லாம் உருண்டு கடலில் போகிறது, இவள் சிரிக்கிறாள். "பாத்துக்கிட்டே நிக்கிறியே, பொறுக்கேன்யா!" என்றாள். பொறுக்கினேன். அந்தக் காலத்தில் முள்பட்டை ஏது? பூட்ஸுக்கு மேல் பழைய கம்பளிக் காலுறையை இழுத்து விட்டுக்கொள்வோம். வசதியுள்ளவன் லாரி டயரை அறுத்து ஆணி அடித்துக் கட்டிக்கொள்வான்.

அன்று அம்மா போனது எர்மிந்தா வீட்டுக்கு, புனித பேதுரு நவநாள் செபத்துக்கு. அந்த வீட்டுத் தரை உனக்குத் தெரியும். மெழுகு தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம். வருகிறவர்கள் முள்பட்டையை வாசலிலேயே கழற்றிச் செய்தித்தாள்மேல் வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு கம்பளித் துண்டுமேல் கால் வைத்துச் சறுக்கிக்கொண்டே உள்ளே போக வேண்டும். ஆயரே வந்தாலும் கம்பளித் துண்டுதான். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அவள் முறைக்கிறாள். எழுதட்டும், உனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

நாட்கள் போகின்றன. எர்மிந்தா தினமும் சூப் கொண்டுவருகிறாள். உப்பு குறைவு. இதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாளா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோபம் தீர்ந்தால் வா. தீராவிட்டாலும் வா.

அப்பா


இக்கீக்கே, 21 ஜூலை 2006

அப்பா,

உப்பு குறைவு என்பதை அத்தை எழுதியிருக்கிறார். நீங்கள்தான் உண்மையை எழுதச் சொல்லவில்லை.

அம்மா மறக்கவில்லை. செபத்துக்கு வந்திருந்த பிளாங்காவிடம் நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். கிளம்பும்போது அம்மா வாசலில் குனிந்து தேடியிருக்கிறாள். "என்னோடத எவளோ மாட்டிக்கிட்டுப் போயிட்டா. போவட்டும், நாலு வீடுதானே, வேலியப் பிடிச்சுக்கிட்டே போயிருவேன்" என்று சிரித்திருக்கிறாள். பிளாங்கா தன்னுடையதைத் தருகிறேன் என்று சொன்னாளாம். அம்மா வாங்கவில்லையாம்.

ஆக, அங்கே வந்த யாரோ ஒருத்தி அம்மாவின் பட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா விழுந்தது தெரிந்ததும் யாரும் பார்க்காத நேரத்தில் நம் ஆணியில் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அடக்கத்துக்கும் வந்திருப்பாள், அப்பா. எனக்குக் கைகொடுத்து அழுதிருப்பாள்!

அவள் யார் என்று தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கால்கள் இனி எந்தத் தரையிலும் நிலைத்து நிற்கக் கூடாது. அவள் விழ வேண்டும். விழுந்த இடத்தில் கிடந்து கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்க்க ஒருவரும் இருக்கக் கூடாது. அத்தை, இதையும் விடாமல் படியுங்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் போனது. யார் முன்னால் கிளம்பினார்கள் என்று உங்களுக்கு நினைவு இருக்கும். அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிவரை பொறுப்பேன். அதற்குள் நீங்கள் கேட்டுச் சொல்லாவிட்டால் வானொலிக்கு எழுதிவிடுவேன். மதிய நேரத்தில் பண்ணை வீடுகளுக்குச் செய்தி வாசிக்கிறார்களே, அதில் வாசிக்கட்டும். "ஜூன் இருபத்து நான்காம் தேதி ஒதிலியா கார்கமோவின் முள்பட்டையைப் போட்டுக்கொண்டு போனவருக்கு, அவர் மகள் தெரிவிப்பது" என்று தொடங்கி, மேலே எழுதியதை அப்படியே. ஊர் முழுவதும் கேட்கட்டும்.

எல்சிரா


புந்தா அரேனாஸ், 29 ஜூலை 2006

மகளே,

கையெழுத்து வேறு என்று உறையிலேயே கண்டிருப்பாய். இது முடிதிருத்தும் தெல்பினின் கை. முடிவெட்டப் போகிறேன் என்று எர்மிந்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். "இருக்கிற நாலு முடியையும் வெட்டிட்டா குல்லா எதுல நிக்கும் அண்ணே?" என்று கேட்டாள். தெல்பின் கடையை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு எழுதுகிறார். "சொல்லு பெருசு, என் வாயிலேருந்து வெளிய போவாது" என்கிறார். போகாது. எனக்கு அவரைத் தெரியும்.

அம்மாவின் பட்டையைப் போட்டுக்கொண்டு போனவள் எர்மிந்தா.

உட்கார்ந்துகொள். முழுவதையும் கேள்.

அன்று நான்தான் மண்டியிட்டு அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். மூட்டுவலி வந்த பிறகு அந்த ரப்பரை இழுக்க அவள் விரலில் வலு இல்லை. "மெதுவாய்யா, இது காலு, ஆட்டுக் குளம்பில்ல" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

இருட்டுகிற நேரம். ஜன்னல் வழியாக ஆட்கள் ஓடுவதைப் பார்த்தேன். எனக்குச் சத்தம் எட்டாது, ஆட்கள் ஓடினால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். வெளியே வரும்போது ஆணி வெறுமையாக இருந்தது. வேலியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். எல்லாரும் தத்தளிக்கிறார்கள். ஒருவன் தவழ்ந்தே போகிறான். கீழேயிருந்து எர்மிந்தா ரொட்டிப் பையோடு ஏறி வருகிறாள். கூட்டத்தைப் பார்த்ததும் ஓடினாள், மகளே. அந்தக் கண்ணாடிமேல் அவள் ஒருத்திதான் ஓடினாள். அம்மாவின் தலைமாட்டில் போய் மண்டியிட்டாள். அப்போது அவள் குதிகாலில் என் சிவப்பு நூலைப் பார்த்தேன்.

அவள் அதை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். அம்மாவின் கால்களைப் போர்த்தத் திரும்பியவள், வெறும் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். ரொட்டிப் பை கையிலிருந்து நழுவியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் திரும்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். செபத்துக்கு நினைத்ததைவிட ஆள் அதிகம். ரொட்டி போதவில்லை. அவளுடைய பட்டை உள்ளே சமையலறையில் இருந்திருக்கும். வாசலில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கிறாள். போய் வந்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். இங்கே எந்த வீட்டுக்காரிதான் அப்படிச் செய்யவில்லை? உன் அம்மா செய்ததில்லையா? அம்மாவும் அவள் திரும்பும்வரை இருந்திருக்கலாம். நான் தேநீருக்குக் காத்திருப்பேன் என்று கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது பட்டை ஆணியில் தொங்கியது. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

இப்போது உன் கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன். அதை எனக்கு யார் படித்தது? அவள்தான். விடாமல் படிக்கச் சொன்னாய். விடவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்த வேண்டும். அந்தக் கால்கள் நிலைத்து நிற்கக் கூடாது என்பதை என் காதில் கத்தினாள். விழ வேண்டும் என்பதைக் கத்தினாள். குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்தினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நல்லா எழுதியிருக்கு பொண்ணு" என்றாள். "பதில் என்ன எழுதட்டும் அண்ணே?" என்று கேட்டாள். எனக்கு இன்று கை நடுங்குகிறது என்றேன். எழுதுவது என் கை இல்லை என்பதுகூட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என் வாசலை மிதிக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும், அவமானம் தாங்கமாட்டாள். அவள் கை சூப் உங்களுக்கு எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்று கேட்பாய். முதல் வாரம் இறங்கவில்லை. நாய்க்கு ஊற்றினேன். பிறகு ஒருநாள் அவள் கதவைத் திறந்துகொண்டு வரும்போது அவளுக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று பார்த்தேன். ஒரே மாதத்தில். அன்றிலிருந்து குடிக்கிறேன். நாளெல்லாம் எனக்கு வந்துபோகிற ஒரே மனித முகம் அது, எல்சிரா. அதுவும் போய்விட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். சுவர் பதில் சொன்னாலும் எனக்குக் கேட்காது.

வானொலிக்கு எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் அடுத்த கடிதத்தையும் அவள்தான் படிப்பாள். வெயிலைப்பற்றி எழுது. சலவைக்கூடத்து வேலையைப்பற்றி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா


இக்கீக்கே, 8 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அப்பா,

இங்கே வெயில். காலையில் கடல் மூட்டம் இருக்கும், பத்து மணிக்குக் கலைந்துவிடும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது. போர்வையை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் மடித்துத் தருகிறது. மடிப்பு கோணல். நாங்கள் உட்கார்ந்து மறுபடி மடிக்கிறோம். எங்கள் மேற்பார்வையாளர், "மிஷினுக்கு நீங்க டீச்சரா?" என்று திட்டுகிறார்.

வானொலிக்கு எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.

எர்மிந்தா அத்தை, இந்த இடத்தை உங்களுக்காக எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் எழுதிய அந்தச் சாபத்தை உங்கள் பேனாவால் அடித்துவிடுங்கள். அம்மாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த கை எழுதியது அது. யாரோ ஒருத்தி, விருந்தாளிகளுக்கு ரொட்டி போதாமல் அவசரத்தில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவள் யாராக இருந்தாலும் அவள்மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. அவள் விழக் கூடாது. நன்றாக இருக்கட்டும்.

முழுவதும் உண்மை என்று சொல்லமாட்டேன். சில நாள் உண்மையாக இருக்கிறது, சில நாள் இல்லை. ஆனால் உண்மையாக இருக்கும் ஒரு நாளில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா, பிப்ரவரியில் விடுமுறை கேட்டிருக்கிறேன். கோபம் தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். வருகிறேன். அத்தை, நான் வரும்வரை அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பில் உப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எல்சிரா


புந்தா அரேனாஸ், 20 ஆகஸ்ட் 2006

மகளே எல்சிரா,

மறுபடி தெல்பினின் கை. இனி இந்தக் கைதான்.

உன் கடிதம் போன திங்கள்கிழமை வந்தது. எர்மிந்தா அடுப்போரம் உட்கார்ந்து படித்தாள். போர்வை மடிக்கும் இயந்திரத்துக்கு நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். வானொலிக்கு எழுதவில்லை என்றதும் ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டாள். உன் சாபத்தை அடிக்கச் சொன்ன இடத்தை மெதுவாகப் படித்தாள். விருந்தாளிகளுக்கு ரொட்டி போதாமல் என்பதுவரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

ரொட்டி என்று நீ எழுதியிருக்க வேண்டாம், மகளே. கடைக்குப் போனது பிளாங்காவுக்குத் தெரியாது. செபத்துக்கு வந்த யாருக்கும் தெரியாது. பின்வாசல் அடுப்படியில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அன்று எல்லார் கண்ணும் அம்மாமேல் இருந்தது, அவள் கையில் ரொட்டிப் பையைக் கவனித்தவன் நான் ஒருவன்தான்.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கண்ணு கூசுது அண்ணே. மீதிய நாளைக்குப் படிக்கிறேன்" என்றாள். கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். என் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கதவை எப்போதும்போலச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நானே போனேன். வாசலில் முள்பட்டையைக் கழற்றக் குனிந்தேன். "கழட்டாதீங்க. அப்படியே வாங்க" என்றாள். அந்தத் தரைமேல் முள்ளோடு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் மெழுகு கீறுவது பாதத்தில் தெரிந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. மேசையில் பெட்டி திறந்திருந்தது. போர்வெனிரில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான் என்றாள். கடலுக்கு அக்கரைதானே, எப்போது திரும்புவாய் என்று கேட்டேன்.

"பாப்போம்ணே. அங்க பேரப்பிள்ளைங்க இருக்கு."

"இங்க நான் இருக்கேன் எர்மிந்தா."

அவள் பெட்டிக்குள் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா தெரியவில்லை. எனக்கே கேட்கவில்லை.

நேற்றுக் காலை கிளம்பினாள். படகுத்துறைக்குப் போகும் பேருந்து கீழ்த்தெருவில் நிற்கும். முதலில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. ஆணியிலிருந்து பட்டையை எடுத்தாள். என்னுடையது அறுந்ததிலிருந்து நான் அம்மாவுடையதைத்தான் போடுகிறேன், ரப்பர்தானே, இழுத்தால் வருகிறது. "காலை நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். மண்டியிட்டு இரண்டு காலுக்கும் மாட்டினாள். நூல் முடிச்சு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதைக் குதிகாலுக்கு நேராக இழுத்து வைத்தாள். அந்தக் கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். தலை குனிந்திருந்ததால் உதடு எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொன்னாளோ என்னவோ. சொல்லியிருந்தால் எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள். "இறுக்கமா இருக்கான்னு கேட்டேன்" என்றாள்.

"சரியா இருக்கு."

கைகோத்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். அம்மா விழுந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டு பேரும் நிற்கவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை. பேருந்தில் ஏறி ஜன்னலைத் துடைத்துக் கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.

உன் கடிதத்தின் மீதியை இன்றுதான் தெல்பின் படித்தார். பிப்ரவரியில் வருவாய் என்பது அதில் இருந்தது. ஆறு நாளாக அது சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்திருக்கிறது. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ நல்லதைத்தான் எழுதினாய். அந்த நல்லதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பேருந்து போன பிறகு அதே தெருவில் தனியாக ஏறினேன். நல்ல கெட்டி ஐஸ். முள் நன்றாகப் பிடித்தது. வீடு வந்து சேரும்வரை ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை.

அப்பா